குழலில் பூ, சாமி அறையில் துப்பாக்கி: குடகு மக்கள் ஆயுதத்தை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

செப்டம்பர் முதல் வாரத்தில் கூர்க் பக்கம் டிரிப் போயிருந்தால் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். ஹோம்ஸ்டே நடத்தும் வீட்டின் பூஜை அறை. குத்துவிளக்கு எரிகிறது. விளக்குக்கு முன்னால் சாமி படமோ சிலையோ அல்ல, ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி. எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, குழலின் வாயில் ஒரு பூவைச் செருகி வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே அரிவாள் மாதிரி வளைந்த ஒரு கத்தி.

அந்தப் பூ நமக்குப் புதிதல்ல. செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். குடகில் அதற்கு 'தோக் பூ' என்று பெயர். 'தோக்' என்றால் துப்பாக்கி. மலையாளத்திலும் துப்பாக்கியை 'தோக்கு' என்றுதான் சொல்வார்கள். ஒரு பூவுக்கே துப்பாக்கியின் பெயரை வைத்திருக்கிற ஊர் அது.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. விண்ணப்பம், போலீஸ் விசாரணை, காரணம் கேட்டு ஆயிரம் கேள்வி, அதற்கு மேல் வருடக்கணக்கில் காத்திருப்பு. ஆனால் குடகில் ஒரு தனி நடைமுறை 160 வருடங்களுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே குறிப்பிட்ட சிலருக்கு லைசென்ஸே தேவையில்லை. இப்போதைய அனுமதி 2029 வரைதான். அதற்குப் பிறகு?

அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன்னால், ஒரு இரும்புக் குழாயையும் ஒரு கத்தியையும் இந்த மக்கள் ஏன் இவ்வளவு உயிராக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

யார் இந்தக் கொடவர்கள்?

காவிரி பிறக்கும் தலைக்காவிரி இருப்பது குடகு மாவட்டத்தில். தலைநகரம் மடிகேரி. 1956 நவம்பர் 1 வரை குடகு தனி மாநிலமாகவே இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அப்போதைய மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தது.

அந்த மலைப் பகுதியின் முக்கியமான சமூகம் கொடவர்கள். பேசும் மொழி 'கொடவ தக்'. எழுதப் படிக்கப் பெரும்பாலும் கன்னட எழுத்தைப் பயன்படுத்தினாலும், காதில் விழும்போது தமிழ், மலையாளத்தின் பங்காளி மாதிரிதான் இருக்கும். கத்திக்கு அங்கேயும் 'கத்தி'தான். புது அரிசி வரும் அறுவடைப் பண்டிகைக்குப் பெயர் 'புத்தரி'.

ஒரே முன்னோரின் வழி வந்தவர்கள் சேர்ந்தது ஒரு 'ஒக்க'. அதாவது ஒரு பெரிய பங்காளிக் கூட்டம். ஒவ்வொரு ஒக்கத்துக்கும் ஒரு பூர்வீக வீடு உண்டு, 'ஐன்மனெ'. நம்மூரில் குலதெய்வக் கோயில் எப்படி ஒரு குடும்பத்தின் கிளைகளையெல்லாம் இழுத்துப் பிடித்து வைக்கிறதோ, அந்த வேலையை அங்கே ஐன்மனெ செய்கிறது. முன்னோர்களுக்கு விளக்கு ஏற்றுவது அங்கேதான். குடும்பத்தின் பழைய ஆயுதங்களுக்கும் அங்கேதான் இடம்.

துப்பாக்கிச் சத்தம்தான் பிறப்புச் செய்தி

கொடவர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி. இது பழைய வழக்கம். ஆமணக்குக் குச்சியில் ஒரு குட்டி வில்லும் அம்பும் செய்து குழந்தையின் கையில் வைப்பதும் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்துபோனால் இரண்டு வெடி.

எதற்காக? குடகின் நில அமைப்பைப் பார்த்தால் புரியும். ஒட்டி ஒட்டி வீடு கட்டிய தெரு அங்கே கிடையாது. ஒரு வீடு இந்தச் சரிவில், அடுத்த வீடு வயலைத் தாண்டி எதிர்ச் சரிவில். நடுவில் காடு, காபித் தோட்டம், மழைக்காலம் என்றால் பொங்கி ஓடும் ஓடை. போன் இல்லாத காலத்தில், நடு ராத்திரியில், 'எங்கள் வீட்டில் ஒருவர் போய்விட்டார், வாருங்கள்' என்று ஊருக்கு எப்படிச் சொல்வது? துப்பாக்கிதான் சொன்னது. ஒற்றைச் சத்தம் என்றால் சந்தோஷம். இரட்டைச் சத்தம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

அறுவடையிலும் இதே கதைதான். நவம்பர், டிசம்பர் வாக்கில் வரும் புத்தரி அன்று, குறித்த நேரத்தில் குடும்பத்தோடு வயலுக்குப் போவார்கள். முதல் கதிரை அறுக்கும் முன் ஒரு வெடிச் சத்தம். அப்புறம் 'பொலி பொலி தேவா' என்று கூவிக்கொண்டு கதிரை வீட்டுக்கு எடுத்து வருவார்கள். நம்மூர்க் களத்துமேட்டில் நெல் தூற்றும்போது 'பொலி, பொலி' என்று சொன்ன தாத்தாக்களை நினைவிருப்பவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

ஆக, ஒரு குடும்பத்தில் அந்தத் துப்பாக்கி இருந்த காலம் முழுக்க, அந்த வீட்டின் எல்லாப் பெரிய நாளிலும் அது ஒருமுறை பேசியிருக்கிறது. அப்பா பிறந்த அன்று சுட்டது, தாத்தா போன அன்று சுட்டது, இரண்டும் ஒரே துப்பாக்கியாக இருக்கலாம். சந்தை விலைக்கு இதில் வேலையே இல்லை. கடையில் இதைவிட நல்லது கிடைக்கும் என்று சொன்னால், அம்மாவின் தாலியைவிட நல்ல டிசைன் கடையில் இருக்கிறது என்று சொன்னது போலத்தான்.

கைல் பொள்த்: ஆயுதத்துக்கு லீவு, அப்புறம் பூஜை

'கைல்' என்றால் ஆயுதம், 'பொள்த்' என்றால் பண்டிகை. பொதுவாக செப்டம்பர் 3 அன்று கொண்டாடுகிறார்கள். சில நாடுகளில், அதாவது குடகின் பழைய ஊர்ப் பிரிவுகளில், தேதி கொஞ்சம் முன்பின் இருக்கும்.

தேதிக்குப் பின்னால் விவசாயக் கணக்கு இருக்கிறது. நம் ஆடி மாதத்துக்கு அங்கே 'கக்கட' என்று பெயர். கொட்டும் மழையில் நாற்று நடும் காலம். நாம் ஆடிப்பெருக்கு கொண்டாடும் அதே சமயத்தில் அவர்களும் 'கக்கட 18' கொண்டாடுகிறார்கள், மூலிகை இலைச் சாற்றில் பாயசம் வைத்து. நடவு நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் சேற்றில்தான் வேலை. ஆயுதத்தைத் தொடக்கூட நேரமிருக்காது, தொடவும் மாட்டார்கள். நடவு முடிந்த பிறகுதான் துப்பாக்கி, ஒடிகத்தி, பீச்செ கத்தி எல்லாம் வெளியே வரும்.

முதல் வேலை சுத்தம் செய்வது. குடகின் மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஈரத்தில் செருப்பே பூசணம் பிடிக்கும். இரும்பு சும்மா இருக்குமா? குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்து, துருப் புள்ளி ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மரக் கட்டைக்கும் எண்ணெய் தடவ வேண்டும். இதைப் பெரும்பாலும் பெரியவர் செய்ய, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, தோட்டா உள்ளே இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, குழலை யார் பக்கமும் திருப்பக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் சொல்லிக் கொடுக்கப்படும். துப்பாக்கியைப் பற்றிய முதல் பாடம் சுடுவது இல்லை, துடைப்பது.

பிறகு பூஜை. தோக் பூ வைத்து, சந்தனம் வைத்து, முன்னோர்களை நினைத்து விளக்கேற்றி, சமைத்ததைப் படைப்பார்கள். பன்றிக் கறியும் அரிசி நொய்யில் உருட்டிச் செய்யும் கடம்புட்டும் அன்றைய ஸ்பெஷல். கறிக்குக் கருப்பு நிறமும் அந்தப் புளிப்பும் தருவது கச்சம்புளி என்ற பழச்சாற்றுக் காடி. பூஜை முடிந்ததும் குடும்பத்தின் மூத்தவர் ஆயுதத்தை எடுத்து இளையவர்களின் கையில் கொடுப்பார். பொறுப்பு கை மாறும் தருணம் அது.

மதியத்துக்கு மேல் ஊர்ப் பொது மைதானத்தில் கூட்டம். உயரமான மரத்தின் உச்சியில் தேங்காய் கட்டியிருக்கும். அதைச் சுட்டு வீழ்த்த வேண்டும். பெண்களும் துப்பாக்கி எடுத்துக் குறி பார்ப்பார்கள். பெண்களுக்கென்றே தனிப் போட்டிகள் நடத்தும் ஊர்களும் உண்டு.

நம்மூர் ஆயுத பூஜையோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடலாம். பைக்குக்கு மாலை போட்டு, ஆபீஸ் லேப்டாப்புக்குக்கூடக் குங்குமம் வைக்கிறவர்கள்தானே நாம். சோறு போடும் கருவியை வருடத்தில் ஒரு நாள் கும்பிடுவது என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான்.

இரண்டு கத்திகள், இரண்டு வேலைகள்

துப்பாக்கிக்கு முன்பிருந்தே இருப்பது கத்தி. கொடவ ஆண்களின் பாரம்பரிய உடை கறுப்பு நிற அங்கி, 'குப்ய'. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மட்டும் வெள்ளை. இடுப்பில் 'சேலெ' என்ற சிவப்புப் பட்டுக் கச்சை. அந்தக் கச்சையின் முன்பக்கம் செருகியிருக்கும் சின்னக் கத்திதான் 'பீச்செ கத்தி'. நம் 'பிச்சுவா'வை ஞாபகப்படுத்தும் பெயர். வெள்ளி வேலைப்பாடு, தந்தப் பிடி, தொங்கும் சங்கிலி என்று நகை மாதிரியே இருக்கும். பழைய பீச்செ கத்தி ஒன்று வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு தலைமுறை மாப்பிள்ளையும் கல்யாணத்தன்று அதைத்தான் அணிவார். அவர்களின் கல்யாண ஆல்பங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் முகங்கள் மாறும், கத்தி மாறாது.

இன்னொன்று 'ஒடிகத்தி'. இது நகை இல்லை, போர்க்கருவி. அகலமான, கனமான தகடு. அரிவாளைப் போல வளைவின் உட்பக்கம்தான் கூர். இதை முதுகுப் பக்கம், 'தொடங்' என்ற பித்தளைப் பிடிப்பில் மாட்டிக்கொள்வார்கள். உறை கிடையாது. கையைப் பின்னால் கொண்டுபோனால் பிடி நேராகக் கைக்கு வரும். காட்டுக்குள் புதரை வெட்டி வழி செய்யவும் அதுதான், நெருங்கி வந்த எதிரிக்கும் அதுதான்.

இன்று ஒடிகத்திக்கு மிச்சமிருக்கும் பெரிய வேலை கல்யாணத்தில். மண்டபத்துக்குப் போகும் வழியில் வாழைத் தண்டுகளை நட்டு வைத்திருப்பார்கள். தண்டு ஒரே வீச்சில் துண்டாக வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் சொந்தக்காரர்களின் கிண்டலுக்கு அளவே இருக்காது. பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஆனால் தண்ணீர் நிறைந்த வாழைத் தண்டில் கோணம் கொஞ்சம் பிசகினாலும் கத்தி பாதியில் சிக்கிக்கொள்ளும். பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் பையன்களும் கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்தில் நாலு வாழையை வெட்டிப் பழகிவிட்டுத்தான் வருவார்கள்.

கத்தியைக் கும்பிடுவது தமிழ்நாட்டுக்குப் புதிய சேதி இல்லை. கருப்பசாமி கோயில்களில் வரிசையாக நட்டிருக்கும் நேர்த்திக்கடன் அரிவாள்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நம்மில் பலர். வித்தியாசம் ஒன்றுதான்: நாம் அதைச் சாமியிடம் கொடுத்துவிட்டு வருகிறோம், அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

சரி, லைசென்ஸ் இல்லாமல் எப்படி?

இங்கேதான் வரலாறு கொஞ்சம் சங்கடமான பக்கத்துக்குத் திரும்புகிறது.

குடகை சுமார் 200 வருடங்கள் ஆண்டது ஹாலேரி வம்சம். படைக்கு வீரர்களைத் தந்த குடும்பங்களுக்கு அரசர்கள் பரம்பரை நிலம் கொடுத்தார்கள். வரியும் குறைவு. அதுதான் 'ஜம்மா' நிலம். ராஜா கூப்பிட்டால் ஆயுதத்தோடு வர வேண்டும் என்பது அதற்கான கைம்மாறு. கொடவர்கள் மட்டுமல்லாமல் வேறு சில சமூகத்தவரிடமும் இந்த நிலம் இருந்தது.

1834ல் பிரிட்டிஷ் கிழக்கிந்திய கம்பெனி கடைசி ராஜா சிக்க வீரராஜேந்திரனை இறக்கிவிட்டுக் குடகைப் பிடித்தது. 1837ல் குடகு, சுள்ளியா பக்கம் கம்பெனிக்கு எதிராக ஒரு கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்குவதில் கொடவர்கள் பலர் கம்பெனியின் பக்கம் நின்றார்கள். அதற்குப் பரிசாகக் கம்பெனி ஒரு பதக்கமே அடித்துக் கொடுத்தது. அதில் இருப்பது ஒரு கொடவ வீரரின் உருவம். ஓங்கிய வலக்கையில் கத்தி, இடக்கையில் துப்பாக்கி.

1857 பெருங்கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியா முழுக்க மக்களிடம் இருந்த ஆயுதங்களைப் பிடுங்க பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டது. அப்போது மைசூர், குடகின் தலைமைக் கமிஷனராக இருந்த மார்க் கப்பன், விசுவாசத்தையும் வீரத்தையும் காரணம் காட்டி 1861ல் கொடவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். பெங்களூரின் கப்பன் பூங்கா இவர் பெயரில் இருப்பதுதான். 1878ல் இன்னும் கடுமையான ஆயுதச் சட்டம் வந்தபோதும் விலக்கு தொடர்ந்தது.

சுதந்திரம் வந்தது. 1959ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. அதன் 41வது பிரிவு, பொது நலன் கருதி யாருக்கு வேண்டுமானாலும் விலக்கு தர மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதை வைத்து 1963ல் வந்த அறிவிப்பில் குடகு இனத்தவருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் விலக்கு நீடித்தது.

சுருக்கமாகச் சொன்னால் நிலைமை இதுதான்:

- சட்டத்தின் 3வது பிரிவின்படி துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் கட்டாயம். 4வது பிரிவு, அரசு குறிப்பிடும் பகுதிகளில் வாள் போன்ற மற்ற ஆயுதங்களுக்கானது. இந்த இரண்டிலிருந்தும்தான் விலக்கு.
- விலக்கு என்றால் கணக்கே இல்லை என்று அர்த்தமில்லை. மாவட்ட நிர்வாகத்திடம் விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும்.
- குடகு மாவட்டத்துக்கு வெளியே எடுத்துச் செல்லவும் வைத்திருக்கவும் உச்சவரம்பு உண்டு: ஒரு ரைஃபிளும் அதற்கு 100 தோட்டாக்களும், ஒரு சாதாரணக் குழல் துப்பாக்கியும் அதற்கு 500 தோட்டாக்களும், அல்லது அதற்கு ஈடான ஈயக் குண்டும் வெடிமருந்தும்.
- 2019 அக்டோபரில் மத்திய அரசு இந்த விலக்கை மேலும் 10 வருடங்களுக்கு, அதாவது 2029 வரை நீட்டித்தது.

மற்ற இந்தியர்களுக்கு? 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3லிருந்து 2 ஆகக் குறைந்தது. முதலில் 1 என்றுதான் மசோதா வந்தது. தாத்தா காலத்துத் துப்பாக்கியை எங்கே போய்க் கொடுப்பது என்ற ரீதியில் பல தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்த பிறகுதான் 2 ஆனது. குடும்பத் துப்பாக்கி மீதான பாசம் குடகோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

'எங்களுக்கு மட்டும் ஏன் சட்டம்?'

இந்த விலக்கைக் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பிறப்பை வைத்தும் நிலத்தை வைத்தும் ஒருவருக்குத் துப்பாக்கி உரிமை கொடுப்பது எப்படிச் சரி? வெள்ளைக்காரன் விசுவாசத்துக்காகக் கொடுத்த சலுகையை ஜனநாயக நாடு ஏன் சுமக்க வேண்டும்? சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லும் அரசியல் சாசனத்தின் 14வது பிரிவு எங்கே போனது?

குடகைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ராணுவ கேப்டன் ஒருவரே இந்தக் கேள்விகளோடு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. கொடவர்கள் போர்க்குணமுள்ள சமூகம், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இந்த விலக்கை அனுபவிக்கிறார்கள், விலக்கும் காலவரையற்றது அல்ல, 10 வருடம், அதுவும் நிபந்தனைகளோடு, எனவே செல்லும் என்றது நீதிமன்றம்.

கொடவர் அமைப்புகளின் வாதம் வேறு திசையில் போகிறது. 10 வருடத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக்காகக் காத்திருப்பதே தவறு என்கிறார்கள். சீக்கியர்கள் கிர்பான் அணிவது மத உரிமை என்று அரசியல் சாசனத்தின் 25வது பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பிறப்பு முதல் இறப்பு வரை சடங்கில் கலந்திருக்கும் எங்கள் துப்பாக்கிக்கும் அப்படி ஒரு நிரந்தரப் பாதுகாப்பு வேண்டும் என்பது கொடவ நேஷனல் கவுன்சிலின் கோரிக்கை.

ஆனால் கிர்பானும் துப்பாக்கியும் ஒன்றா என்ற கேள்வி அங்கேயே வந்து நிற்கிறது. துப்பாக்கியின் குண்டு தோட்டத்தின் வேலியோடு நிற்காது. காட்டுப் பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட சம்பவங்கள் குடகில் செய்தியாகியிருக்கின்றன. சொத்துத் தகராறு முற்றும் நாளில் வீட்டில் துப்பாக்கி இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. பூ வைத்துக் கும்பிடும் அதே குழல்தான் அதுவும்.

2019 திருத்தத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. கொண்டாட்டத்துக்காகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வட இந்தியக் கல்யாண ஊர்வலங்களில் நடந்த விபத்துகளை மனதில் வைத்து வந்த பிரிவு இது. லைசென்ஸ் விலக்கு இருப்பதால் இதிலிருந்து தப்பிக்க முடியாது. வானத்தை நோக்கிச் சுடும் அந்த ஒற்றை வெடியிலும் யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு.

வேட்டை போச்சு, போர் போச்சு... மிச்சம் என்ன?

ஒரு காலத்தில் புலியைக் கொன்றவருக்குக் குடகில் 'நரி மங்கல' நடத்துவார்கள். கொடவ மொழியில் 'நரி' என்றால் புலி! மாப்பிள்ளை மாதிரி அலங்கரித்து, இறந்த புலியின் பக்கத்தில் உட்காரவைத்து, ஊரே வந்து வாழ்த்தும். 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று அந்த மாவட்டத்தில் புலியைச் சுடுவது பெருமை இல்லை, ஜெயில்.

போர்க்குணம் ராணுவத்துக்குப் போய்விட்டது. 1949 ஜனவரி 15 அன்று இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற கே.எம்.கரியப்பா கொடவர். 1957 முதல் 1961 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் திம்மய்யாவும் கொடவர். மடிகேரியில் அவர் பிறந்த 'சன்னி சைட்' வீடு இப்போது நினைவு அருங்காட்சியகம். கரியப்பா பொறுப்பேற்ற அந்த நாளைத்தான் நாடு ராணுவ தினமாகக் கொண்டாடுகிறது.

வீட்டுத் துப்பாக்கிக்கு இன்று மிஞ்சியிருக்கும் தினசரி வேலை, காபித் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் இறங்கும் யானையைப் பயமுறுத்த வானத்தில் ஒரு வெடி. அதற்கும் பலர் பட்டாசுக்கு மாறிவிட்டார்கள். அடுத்த தலைமுறை பெங்களூரு, மைசூரு, வெளிநாடு என்று போய்விட்டது. அபார்ட்மென்ட் பதினோராவது மாடியில் வசிப்பவருக்கு முன்பக்கமாக மருந்து இடித்துச் சுடும் பழைய துப்பாக்கியை வைத்து என்ன வேலை?

ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் விற்க மாட்டார். ஏன்?

பொருள் மீதான பாசத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். தாத்தாவின் எச்.எம்.டி. வாட்ச், அப்பாவின் பஜாஜ் ஸ்கூட்டர், பாட்டியின் வெண்கலப் பானை. அவை ஓடுகின்றனவா, சமைக்கின்றனவா என்பது யாருக்கும் முக்கியமில்லை. அவர்களின் கை பட்ட இடம் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும், அதைத் தடவிப் பார்க்க முடியும், அதுதான் முக்கியம். துப்பாக்கியின் மரக் கட்டையில் கன்னம் பதியும் இடம் அப்படித்தான் பளபளக்கும். ஒடிகத்தியின் பிடியும் அப்படித்தான். அதோடு இன்னொன்றும் சேர்கிறது. வாட்ச்சை டிராயருக்குள் போட்டு மறந்துவிடலாம். துப்பாக்கியை அப்படி மறக்க முடியாது. வருடா வருடம் வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காகவாவது ஊருக்குப் போக வேண்டும். பிரிந்து கிடக்கும் ஒக்கத்தை ஐன்மனெக்கு இழுத்து வரும் காரணங்களில் துருவும் ஒன்று.

2029க்குப் பிறகு?

மூன்று வழிகள் இருக்கின்றன. மத்திய அரசு இன்னொரு 10 வருடத்துக்கு நீட்டிக்கலாம். கோரிக்கையை ஏற்று நிரந்தரமாக்கலாம். அல்லது காலாவதியாக விட்டுவிடலாம். அப்படி விட்டால் ஒவ்வொரு வீடும் சாமானியர்களைப் போல லைசென்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். உயிருக்கு ஆபத்தா, பயிருக்கு ஆபத்தா, எதற்காகத் துப்பாக்கி என்று விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும். 'தாத்தா செத்த அன்று இதுதான் சுட்டது' என்பதை அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது?

உரிமை கேட்பவர்களுக்கும் சரி, சமத்துவம் கேட்பவர்களுக்கும் சரி, இதில் சுலபமான விடை கிடையாது. ஒரு பக்கம், ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையே அந்தக் குழலில் இருக்கிறது. இன்னொரு பக்கம், எந்தக் கதையைச் சொன்னாலும் அது துப்பாக்கிதான்.

அடுத்த முறை செப்டம்பரில் கூர்க் போனால், ஹோம்ஸ்டே பூஜை அறையில் செங்காந்தள் செருகிய குழலைப் பார்த்தால், போன் எடுத்து ஒரு ரீல்ஸ் போடுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவரிடம் அது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனித் தயாரிப்பு, என்ன விலை என்று அவர் ஆரம்பிக்க மாட்டார். யார் பிறந்தபோது சுட்டது என்றுதான் ஆரம்பிப்பார்.